பயிற்சிக்கு எந்தத் தோட்டா, தற்காப்புக்கு எந்தத் தோட்டா: கைத்துப்பாக்கி வைத்திருப்போருக்கான வழிமுறை

அமெரிக்காவில், சுட்டு முடித்த பித்தளை உறைகளைச் சேகரித்து, அவற்றில் புதிய பிரைமரும் (தட்டினால் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் பொருத்தித் தம் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா செய்துகொள்பவருக்குக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்கே உரிமம் தேவை என்பதால், இங்கே சொல்லப்படுவன அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். கையால் நிரப்பிய தோட்டாவைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, தற்காப்புக்கு ஆலையில் செய்த தோட்டாவையே இடுப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தற்காப்புத் தோட்டாவின் விலை பயிற்சித் தோட்டாவின் விலையைவிடப் பல மடங்கு என்பதால், அதைக் கொண்டே போதிய அளவு பயிற்சி செய்வது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே முதலில் உங்கள் துப்பாக்கிக்கு ஏற்ற தற்காப்புத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்து, அதன் குண்டின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், 9 மி.மீ. தோட்டாவில் அது பெரும்பாலும் 115, 124 அல்லது 147 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிற்றலகு) இருக்கும். அதே எடையுள்ள, முழுவதும் உலோக உறை போர்த்திய மலிவான குண்டை வாங்கி, ஆலைத் தோட்டா உங்கள் குழலிலிருந்து வெளிப்படும் வேகத்தைக் குரோனோகிராஃப் என்ற வேகம் அளக்கும் கருவியில் அளந்து, நிரப்புக் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் அந்த வேகத்துக்கு நெருங்கி வந்தால், பின்னுதைப்பும் குண்டு படும் இடமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மென்மையாகச் சுடும் தோட்டாவிலேயே பழகிய கை, உண்மையான தோட்டாவைச் சுடும்போது திகைத்துப்போகும் என்பதால் இந்தப் பொருத்தம் மிகவும் முக்கியமானது.

நிரப்பும் வேலையில் அவசரத்துக்கு இடமே இல்லை. 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டாத் தொழில்துறையின் தர அமைப்பான SAAMI வகுத்த உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதே உறையில் தவறுதலாக இருமுறை மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். மருந்தே விழாமல் போனாலோ, பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் சிக்கவைத்துவிடும். அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுடுவதுதான் பேராபத்து. எனவே ஓசை மெலிந்து ஒலித்தால் உடனே நிறுத்தி, தோட்டாக்களை அகற்றி, குழலைச் சோதித்துப் பாருங்கள். புதியவர்கள் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் எளிய பிரஸ்ஸில் (தோட்டா நிரப்பும் அழுத்துக்கருவி) தொடங்கி, மருந்து இட்ட உறைகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்தும் முன் ஒவ்வொன்றையும் விளக்கொளியில் பார்ப்பது நல்லது. மேசையின் மேல் ஒரே ஒரு வகை மருந்துதான் இருக்க வேண்டும். கையேடு தரும் தொடக்க அளவிலிருந்தே ஏறிச்செல்ல வேண்டும். வேறொருவர் நிரப்பிய தோட்டாவை ஒருபோதும் சுடக்கூடாது. பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருப்பதால், வேலை முடிந்ததும் சோப்பால் கைகழுவுவதையும், உணவை மேசைக்கு அருகில் கொண்டுவராமல் இருப்பதையும் வழக்கமாக்குங்கள்.

தற்காப்புக்கு ஆலைத் தோட்டாவை நான் வலியுறுத்துவதற்கு முதற்காரணம் நம்பகத்தன்மை. நல்ல தற்காப்புத் தோட்டாக்களில் ஈரம் புகாதபடி பிரைமரைச் சுற்றி அடைப்புப் பூச்சு இருக்கும். உறைக்கும் பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரு முகவர்களை இழந்தபின் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. உருவாக்கிய சோதனை முறையில், தடித்த துணியைக் கடந்த பிறகும் குண்டு விரிந்து, உடல் தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும். பெரிய நிறுவனங்கள் இந்த முடிவுகளை வெளியிடுகின்றன. வீட்டு மேசையில் செய்யும் தோட்டாவுக்கு அத்தகைய சான்று கிடைப்பதில்லை.

இரண்டாவது காரணம் நீதிமன்றம். 1989இல் நியூ ஜெர்சியில் ஒரு பெண் குண்டு பாய்ந்து இறந்தபோது, துப்பாக்கி மனைவியின் கையில்தான் இருந்தது என்று கணவர் கூறினார். அவர்கள் வீட்டில் மருந்து குறைத்து நிரப்பிய தோட்டாக்கள் இருந்தன. ஆய்வகம் வழக்கமான ஆலைத் தோட்டாவைக் கொண்டு தூரத்தைக் கணித்தது. இறுதியில் கணவர் தண்டிக்கப்பட்டார். அது தற்காப்பு வழக்கு அன்று என்றாலும், எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதைச் சுடப்பட்டவர் மீது படியும் மருந்துத் துகள்களே சொல்கின்றன என்பதையும், சுட்டவரே நிரப்பிய தோட்டாவின் அளவை அவருடைய சொந்தக் குறிப்பேட்டை வைத்து நிரூபிப்பது கடினம் என்பதையும் அது காட்டுகிறது. ஆலைத் தோட்டாவாக இருந்தால், அதே வகையை எந்த ஆய்வகமும் வாங்கிச் சோதிக்கலாம். ஆகவே தொகுதி எண் அச்சிட்ட பெட்டியையும் மீதித் தோட்டாக்கள் சிலவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வாங்கியதும் அப்படியே நம்பிவிடாமல், நீங்கள் பயன்படுத்தும் மேகசின்கள் (தோட்டா அடுக்கும் பெட்டிகள்) ஒவ்வொன்றிலிருந்தும் அந்தத் தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள்; தற்காப்புத் தோட்டாவில் உள்ள, முனையில் குழியுள்ள குழிமுனைக் குண்டு எல்லாத் துப்பாக்கியிலும் தடையின்றி ஏறும் என்று சொல்ல முடியாது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பத் துப்பாக்கியின் சுடும் அறைக்குள் ஏற்றி இறக்கினால், குண்டு உறைக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். எடை குறைந்த ரிவால்வரிலோ நேர்மாறாக, பின்னுதைப்பில் சுடாத தோட்டாக்களின் குண்டு முன்னே நழுவி உருளையைச் சுழலவிடாமல் செய்யலாம். துப்பாக்கியிலிருந்து இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தோட்டாவைப் பெட்டியிலுள்ள புதியதன் அருகே நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டு, சிறிதேனும் குறைந்திருந்தால் அதைச் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள்.