சிலிண்டர் பவர் கூடுதலா? லென்ஸ் வாங்குவதில் பிசகும் இடங்கள்

கண்ணாடிச் சீட்டை நீட்டி, “இதே பவர்ல கான்டாக்ட் லென்ஸ் குடுங்க” என்று கேட்பதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. வெறும் கிட்டப்பார்வை, அதுவும் குறைந்த பவர் என்றால் ஓரளவு ஒப்பேறிவிடும். சிலிண்டர் பவர் 2.50, 3.00 என்று ஏறியவர்களுக்கு ஒப்பேறாது.

கருவிழி ஒரு திசையில் அதிகமாகவும் குறுக்குத் திசையில் குறைவாகவும் வளைந்திருப்பதுதான் பெரும்பாலும் சிலிண்டர் பவருக்குக் காரணம். அதனால் இரண்டு திசைக்கும் வேறு வேறு பவர் தேவைப்படுகிறது. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸோ கண்மேலேயே உட்காருகிறது. எனவே பவர் 4.00-ஐத் தாண்டினால் இரண்டு திசையையும் தனித்தனியே மாற்றிக் கணக்கிட வேண்டும். சீட்டில் −6.00, சிலிண்டர் −3.00 என்று இருந்தால் ஒரு திசை −6, மற்றது −9. கண்மேல் வரும்போது அவை சுமார் −5.60, −8.12 ஆகின்றன. அதாவது சிலிண்டர் 2.50 அளவுக்கு இறங்கிவிட்டது. முதல் எண்ணை மட்டும் குறைத்து, சிலிண்டரை அப்படியே எழுதித் தருகிற இடமும் உண்டு, கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆக்சிஸ், அதாவது சிலிண்டர் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் எண். பலரும் கண்டுகொள்ளாத எண், ஆனால் கூடுதல் சிலிண்டர்காரர்களுக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது. சிலிண்டர் பவர் உள்ள மென்மையான லென்ஸ், அதாவது டோரிக் மென்லென்ஸ், கண்ணுக்குள் சுழலாமல் நிற்க, அடிப்பக்கம் கனமாகவோ, மேலும் கீழும் மெலிதாகவோ செய்கிறார்கள். அப்படியும் சில கண்களில் அது திரும்பும். 10 டிகிரி திரும்பினாலே திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி திரும்பினால் சிலிண்டர் போட்டும் பலனில்லை. 0.75 உள்ளவருக்கு 10 டிகிரி பிசகு தெரியவே தெரியாது. 3.00 உள்ளவருக்கோ 1.00 அளவு மிச்சம் நின்று, பஸ்ஸில் ‘ஏர்வாடி’ போர்டு நிழல் விழுந்து இரட்டையாகத் தெரியும்.

ஆகவே சோதனை லென்ஸைப் போட்டு, கால் மணி நேரமாவது உட்கார்ந்து, அதன் அடையாளக் கோடு எங்கே நிற்கிறது என்று கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் திரும்பி நின்றால் அதற்கேற்ப ஆக்சிஸை மாற்றி ஆர்டர் செய்யலாம். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஆடினால் வேறு வகை லென்ஸ்தான் வேண்டும். “போகப் போகப் பழகிடும்” என்பதை நம்ப வேண்டாம், லென்ஸ் ஆடுவது பழக்கத்தால் நிற்காது. கடையில் தயாராக இருப்பவை பெரும்பாலும் 2.25 அல்லது 2.75 வரைதான். 3.50 உள்ளவருக்கு 2.25-ஐக் கொடுத்து அனுப்புவது சமாதானம், சிகிச்சை அல்ல. அதற்கு மேல் ஆர்டர் செய்து வரவழைக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸுக்கென்று தனிப் பிரிவுள்ள மருத்துவமனையைத் தேடி மதுரைக்கு ஒரு நடை போவது வீணாகாது.

“ஹார்டு லென்ஸ் உறுத்தும்” என்று கேட்ட மாத்திரத்தில் ஒதுக்குவதும் தவறுதான். காற்றை உள்ளே விடும் கடின லென்ஸ் தன் வடிவத்தில் விறைப்பாக நிற்க, அதற்கும் கருவிழிக்கும் நடுவில் கண்ணீர் நிறைந்து மேடுபள்ளத்தைச் சமன் செய்கிறது. பார்வைத் தெளிவில் மென்லென்ஸை மிஞ்சும். ஆனால் நம் கரையில் ஆடி மாதக் காற்றில் தனுஷ்கோடிப் பக்கம் பைக் ஓட்டுகிறவருக்கு, ஒரு மணல் துகள் அடியில் புகுந்தால் வலியில் உயிர் போகும். அவர்களுக்கு வெள்ளைவிழிமேல் அமரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் பொருந்தலாம், விலைதான் கூடுதல். கருவிழியில் அல்லாமல் உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸில் கோளாறு என்றால், சாதாரண கடின லென்ஸ் அதைச் சரிசெய்யாது.

வயசுப் பிள்ளைக்கு வருஷா வருஷம் சிலிண்டர் ஏறுகிறதா, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறதா? லென்ஸ் கடைக்குப் போகாதீர்கள். அது கருவிழி கூம்பாகும் கெரட்டோகோனஸாக இருக்கலாம். கருவிழி வரைபடச் சோதனை முதலில். காலத்தோடு பிடித்தால் கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையில் பெரும்பாலும் நிறுத்திவிட முடியும். ஏற்கெனவே லென்ஸ் போடுகிறவர் சோதனைக்கு முன் அதை நிறுத்த வேண்டும்: மென்லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கடினம் என்றால் அதற்கும் மேல். முந்தின நாள் வரை போட்டுவிட்டுப் போனால் லென்ஸ் அமுக்கிய வடிவம்தான் பதிவாகும்.

பிறகு தண்ணீர். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தத்தையும் தலையில் வாங்குகிறவர்கள் லென்ஸோடு போகவே கூடாது. தேவிபட்டினத்துக் கடலுக்கும் இதே விதி. கிணறு, குழாய், கடல் எதிலும் அகந்தமீபா என்ற கிருமி இருக்கலாம். லென்ஸுக்கு அடியில் அது தங்கினால் கருவிழியையே அரிக்கும். லென்ஸ் டப்பாவைக் குழாயில் அலசுவதும், வீட்டில் உப்புக் கரைத்து ஊற்றுவதும் அதே ஆபத்து. ராத்திரி போட்டில் தங்கித் தொழில் பார்ப்பவர்கள், அசதியில் லென்ஸோடு தூங்கிவிடாமல் இருக்க அன்றைக்குக் கண்ணாடியே போட்டுப் போகலாம்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் டாக்டரிடம் போங்கள். மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தாமாக வாங்கி விடுவது கிருமியை வளர்க்கும். போகும்போது லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். என்ன கிருமி என்று அதில் சோதித்துப் பார்க்க முடியும்.