இயங்கலையில் க்யூப்ஸ் மாநாடு: தோட்டப்புற நகரங்களிலிருந்து கலந்துகொள்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக் கணினியைக் காக்கும் க்யூப்ஸ் ஓஎஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்குவோரும் பயன்படுத்துவோரும் கூடிப் பேசும் மாநாட்டை, போலந்து நாட்டின் த்ரீஎம்டெப் நிறுவனம் க்யூப்ஸ் திட்டத்தாருடன் சேர்ந்து நடத்திவருகிறது. 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மாநாடு பெர்லினில் கூடியது என்றாலும், உரைகள் இயங்கலையில் நேரலையாகவும் வந்ததால், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் இருப்பவரும் பயணச் செலவின்றி அவற்றைக் கேட்க முடிந்தது. இங்குள்ள இளைஞர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது பெரிய வாய்ப்பாகவே படுகிறது. ஆனால் வாய்ப்பு வந்தவுடன் அவசரப்பட்டுச் செய்யும் காரியங்களால் பலர் பயன்பெறாமலே போகிறார்கள். அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. பிரித்து வைப்பதுதான் பாதுகாப்பு என்று சொல்லும் உரைகளைக் கேட்க, வங்கிக் கணக்கு, பள்ளிப் பாடம், குடும்பப் படங்கள், அறிமுகமில்லாதவர்களுடனான உரையாடல் என எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கும் கணினியின் முன் நாம் உட்காருகிறோம்.

முதல் தவறு, இந்த இயங்குதளத்தை நச்சுநிரல் தடுப்பு மென்பொருளின் பெரிய வடிவம் என்று நினைப்பது. பழைய தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டு அடுப்பில் பற்றிய தீ, பொதுக் கூரை வழியாக வரிசை முழுவதும் பரவக்கூடியதாக இருந்தது. சாதாரணக் கணினியின் அமைப்பும் அப்படித்தான் இருக்கிறது. க்யூப்ஸ் அந்தப் பொதுக் கூரையை எடுத்துவிடுகிறது. வன்பொருளின் மேல் நேரடியாக ஓடும் ஸென் என்ற அடுக்கு, கணினியைப் பல மெய்நிகர் இயந்திரங்களாக, அதாவது தனித்தனிக் கணினிகள் போல இயங்கும் பகுதிகளாகப் பிரிக்கிறது. அவை ஒவ்வொன்றும் ஒரு க்யூப். இணைய அட்டை தனி க்யூபில் இருக்கும், யூஎஸ்பி கருவிகள் இன்னொன்றில் இருக்கும், வங்கி வேலைக்கு ஒன்றும் சந்தேகத்துக்குரிய கோப்புகளைத் திறக்க ஒன்றும் இருக்கும். எந்தச் சாளரம் எந்த க்யூபைச் சேர்ந்தது என்பதை அதன் விளிம்பின் நிறமே காட்டிவிடும். இத்திட்டத்தை 2010 ஏப்ரலில் அறிவித்த யோவானா ருட்கோவ்ஸ்கா, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்கு அடியில் தீய நிரல் ஒன்று மெய்நிகராக்கத்தைப் பயன்படுத்தி ஒளிந்துகொள்ள முடியும் என்று 2006இல் செய்துகாட்டியவர். அதே நுட்பத்தைப் பின்னர் பாதுகாப்புக்கென்று திருப்பினார். முதல் நிலையான பதிப்பு 2012 செப்டம்பரில் வந்தது.

தீயைப் பரவாமல் தடுப்பதுதான் இதன் வேலை. தொலைபேசியில் காவல்துறை அதிகாரி என்று சொல்லி மிரட்டுபவரிடம் ஒருவர் தாமாகவே வங்கிக் குறியீட்டைச் சொல்லிவிட்டால், எந்த இயங்குதளமும் அந்தப் பணத்தைக் காப்பாற்றாது. அப்போது உடனே அழைக்க வேண்டியது 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணைத்தான்.

நேரக் கணக்கில் நேரும் தவறு சிறியது, ஆனால் ஆண்டுதோறும் சிலரைப் பாதிக்கிறது. செப்டம்பரில் பெர்லின் நம்மைவிட ஆறு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் மூன்று. அக்டோபர் இறுதியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு இடைவெளி ஏழு மணி நேரமாகிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேராக்கில் இடியும் மின்னலுமாக மழை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பிற்பகல் வேளையில்தான். மின்னல் வெட்டும்போது மோடத்தைக் கழற்றி வைப்பது நம் வீடுகளில் வழக்கம் என்பதால், கைத்தொலைபேசித் தரவை மாற்றுவழியாக முன்பே சரிபார்த்து வைத்திருப்பது நல்லது. நேரலையை, பார்ப்பவர் யார் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்பின் வழியாகப் பார்க்க முயல்வதும் வேண்டாம். பொது உரை ஒன்றைக் கேட்பதற்கு அவ்வளவு மறைவு தேவையில்லை, படமும் அடிக்கடி நின்றுவிடும்.

மிகவும் கவலை தரும் தவறு, மாநாட்டுக்கு முந்தைய இரவில் வீட்டில் இருக்கும் ஒரே மடிக்கணினியில் க்யூப்ஸை நிறுவுவது. மாநாட்டைக் கேட்பதற்கு க்யூப்ஸ் வேண்டும் என்பதே இல்லை. எந்தக் கணினியிலும், கைத்தொலைபேசியிலும்கூடக் கேட்கலாம். ஆனால் நிறுவலுக்குக் கொடுத்த வட்டில் இருக்கும் அனைத்தும் அழிந்துபோகும். தம்பியின் எஸ்பிஎம் தேர்வுப் பயிற்சிகளும் அம்மா எழுதிவரும் கோயில் கணக்கும் அந்த ஒரே வட்டில்தான் இருக்கின்றன என்பது, அவை போன பிறகுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அழித்தபிறகும் அது ஓடும் என்பதற்கு உறுதியில்லை. குறைந்தது 6 ஜிபி நினைவகம் வேண்டும், 16 ஜிபி இருப்பது நல்லது என்று திட்டத்தார் சொல்கிறார்கள். அதில் அந்த 16 என்ற எண்ணைத்தான் உண்மையான தேவையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு க்யூபும் தனி இயந்திரமாக ஓடுவதால் நினைவகம் விரைவில் தீர்ந்துவிடுகிறது. கணினியின் மையச் செயலியும் மெய்நிகராக்கத்துக்கும், கருவிகளைத் தனிமைப்படுத்தும் விடி-டி போன்ற வசதிக்கும் இடங்கொடுக்க வேண்டும். அவற்றை, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புக்குள் சென்று இயக்கவும் வேண்டும். ஈப்போவில் பழைய அலுவலக மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள், அதே மாதிரியில் மற்றவர்கள் க்யூப்ஸை ஓட்டியிருக்கிறார்களா என்பதைத் திட்டத்தின் வன்பொருள் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம்; நினைவகத்தைக் கூட்ட முடியாதபடி பலகையோடு ஒட்டிய மாதிரிகளைத் தவிர்க்கலாம். யூஎஸ்பி விசைப்பலகை மட்டுமே உள்ள மேசைக்கணினியானால், யூஎஸ்பி க்யூபை அமைக்கும் முன் அதற்கான வழிகாட்டலைப் படித்தாக வேண்டும். இல்லையென்றால் வட்டின் கடவுச்சொல்லைத் தட்டவே முடியாமல் வெளியில் நிற்க நேரிடும். விண்டோஸுக்குள் ஒரு மெய்நிகர் பெட்டி திறந்து அதில் க்யூப்ஸை ஓட்டிப் பார்ப்பதும் பயனற்றது. அடியில் இருக்கும் விண்டோஸ் கெட்டால் மேலே உள்ளவை அனைத்தும் கெடும்.

நிறுவல் கோப்பு பல ஜிபி அளவுடையது. இணையம் மெதுவாக உள்ள இடங்களில் ஒருவர் பதிவிறக்கி, பென்டிரைவில் எல்லாருக்கும் சுற்றுக்கு விடுவது இயல்பு, அதில் தவறில்லை. கோப்பின் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் நிறுவுவதுதான் தவறு. கோப்பு நம்பிக்கைக்கு உரியதா என்பது அது எந்த நண்பரின் கையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்ததன்று. க்யூப்ஸின் தலைமைக் கையொப்பச் சாவி, அந்தந்தப் பதிப்புக்கான சாவிக்குச் சான்றளிக்கிறது. பதிப்புச் சாவி நிறுவல் கோப்புக்குச் சான்றளிக்கிறது. ஆகவே தலைமைச் சாவியின் கைரேகை எனப்படும் 40 குறிகளும் சரியானவை என்று உறுதிப்படுத்திக்கொண்டால், மீதி வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். எங்கள் வகுப்பில் இரண்டு மாணவர்கள் இதைச் செய்தார்கள். ஒருவர் தம் கைத்தொலைபேசியில் வேறோர் இணைப்பின் வழியாகத் தேடியெடுத்த கைரேகையை நான்கு நான்காக உரக்கப் படிக்க, மற்றவர் மடிக்கணினித் திரையைப் பார்த்துத் தாளில் பென்சிலால் குறியிட்டுக்கொண்டே வந்தார். பாதி வழியில், “அண்ணே, கடைசி எட்டும் 36879494, சரியா இருக்கே, அது போதாதா?” என்று கேட்டார். போதாது. கடைசி எட்டுக் குறிகள் மட்டும் ஒத்துவருமாறு ஒரு போலிச் சாவியை உருவாக்குவது இன்றைய கணினிகளுக்கு எளிய வேலை. நாற்பதும் ஒத்துவருமாறு உருவாக்குவது இயலாத காரியம். கைரேகையை ஒரே பக்கத்தில் பார்த்து நிறுத்திவிடாமல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிட வேண்டும். நான் இங்கே எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

க்யூப்ஸிலிருந்தே மாநாட்டில் கலந்துகொள்வோர் செய்யும் தவறுகள் வேறு வகையானவை. ஒலிவாங்கியும் கேமராவும் தொடக்கத்தில் அன்றாட வேலைகள் நடக்கும் எந்தச் செயலி க்யூபுக்கும் கிடைக்காது. கருவிகள் பட்டியலிலிருந்து அவற்றை நாமே ஒரு க்யூபோடு இணைக்க வேண்டும். முதன்முறை வருகிறவர் இதைப் பழுது என்று நினைத்து எதையெதையோ மாற்றத் தொடங்கிவிடுகிறார். மாநாட்டுக்கென்று தனி க்யூப் ஒன்றை உருவாக்கி, உரையாடும் நேரத்தில் மட்டும் ஒலிவாங்கியை இணைத்து, முடிந்ததும் கழற்றிவிடுவதே முறை. பயன்படுத்தி எறியும் க்யூபில் கலந்துகொள்வதும் நல்லதுதான், ஆனால் குறிப்புகளை அதிலேயே எழுதக் கூடாது; சாளரத்தை மூடிய கணமே குறிப்புகளும் போய்விடும். தமிழில் குறிப்பெடுக்க விரும்புவோர், தமிழ்99 விசைப்பலகைக்கான மென்பொருளையும் எழுத்துருக்களையும், செயலி க்யூப்கள் தம் மென்பொருளை எடுத்துக்கொள்ளும் வார்ப்புரு க்யூபில் நிறுவ வேண்டும். செயலி க்யூபில் நிறுவினால் அடுத்த முறை திறக்கும்போது அவை இல்லாமல் போய்விடும். வீட்டுக் கோப்புறையில் உள்ளவையே நிலைக்கும்.

திரையைப் பகிரும்போது முழுத் திரையும் தெரியவில்லை என்று பலர் திகைக்கிறார்கள். ஒரு க்யூப் தன் சாளரங்களை மட்டுமே காண முடியும் என்பதால் அது அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் திறந்திருக்கும் வங்கிப் பக்கம் கூட்டத்தாருக்குத் தெரியாமல் இருப்பதும் அதனால்தான். இதைச் சுற்றிக்கொண்டு போவதற்காக, உரையாடல் மென்பொருளை டோம்ஜீரோவில் நிறுவப் பார்ப்பது இருக்கும் தவறுகளிலெல்லாம் ஆபத்தானது. டோம்ஜீரோ எல்லா க்யூப்களையும் ஆளும் இடம். அதற்கு இணைய இணைப்பு வேண்டுமென்றே தரப்படவில்லை. உரையாடலில் யாரோ எழுதிய கட்டளையை வெட்டி அங்கே ஒட்டுவது கடினமாக இருப்பதும் காரணத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடுதான். உதவ வந்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும், அந்தக் கட்டளையை ஆவணத்தில் தேடிப் படித்து, ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று புரிந்த பிறகு, கையால் தட்டுவதே சரி. புரியாத கட்டளையைத் தட்டாமல் விட்டால் அன்றைய சிக்கல் அப்படியே இருக்கும், அவ்வளவுதான். தட்டிவிட்டால் முழுக் கணினியையும் இழக்கக்கூடும்.

உதவி கேட்கும்போது பிழைப்பதிவுகளைப் படிக்காமலே அனுப்பிவிடுவதும் உண்டு. அவற்றில் கணினியின் வரிசை எண், வீட்டு வைஃபையின் பெயர், பயனரின் பெயர் ஆகியவை இருக்கக்கூடும். அடையாள அட்டை எண்ணையே பயனர் பெயராக வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மண்டபத்தில் பலர் சேர்ந்து ஒரே திரையில் பார்க்கும்போது, ஒருவருடைய புலன (வாட்ஸ்அப்) கணக்கைக் கணினியில் திறந்து வைத்து எல்லாரும் அதிலிருந்து பேசுவதையும் விட்டுவிட வேண்டும்.

கேள்வி கேட்காமலே இருந்துவிடுவதும் தவறுதான், அதில் எனக்கு வருத்தம் மிகுதி. தோட்டப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள், தங்கள் ஆங்கிலம் போதாது என்று எண்ணி உரை முடியும்வரை வாய்திறப்பதில்லை. இந்தக் கூட்டத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் பலர். ருட்கோவ்ஸ்காவும், அவருக்குப் பின் 2018 முதல் திட்டத்தை வழிநடத்தும் மாரெக் மார்ச்சிகோவ்ஸ்கி-குரெட்ஸ்கியும் போலந்துக்காரர்களே. கேள்வியை முதல் நாளே எழுதி வைக்கலாம்: எந்தப் பதிப்பு, எந்த மாதிரிக் கணினி, என்ன செய்தோம், திரையில் என்ன வந்தது. இவை நான்கும் இருந்தால் வாக்கியம் தட்டுத்தடுமாறினாலும் பதில் வரும். இவை இல்லாத அழகான வாக்கியத்துக்கு வருவதெல்லாம் எதிர்க்கேள்விதான். பதில் கிடைத்த பின், சொன்னபடி செய்து பார்த்துப் பயன்பட்டதா இல்லையா என்பதை அதே இடத்தில் இரண்டு வரி எழுதிவிட வேண்டும். அதே மாதிரிக் கணினியை வாங்கிய இன்னொருவர் பின்னால் தேடி வரும்போது, அவருக்கு உதவுவது அந்த இரண்டு வரிதான்.