நரம்பைத் திட்டுவதற்கு முன்: பாஸ் தூண்டிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ் என்ற பெருவாய் நன்னீர் மீனுக்குத் தூண்டில் போடப் புதிதாக வருகிறவர்களைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், நான் பழகிய காலத்தில் அடித்த கூத்துகள் ஒன்றுவிடாமல் மறுபடியும் அரங்கேறுகின்றன. ராடு மாறியிருக்கிறது, ரீல் மாறியிருக்கிறது, தவறுகளுக்கு மட்டும் வயதாகவில்லை. முள்ளை விரலில் குத்திக்கொள்வது, வீசும்போது மரக்கிளையில் மாட்டிவிடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை வலிக்கும், வலித்தால் மனிதன் தானாகத் திருந்துவான். செய்கிறோம் என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் செய்யும் தவறுகள் வேறு வகை. பழி எப்போதும் வேறொன்றின் தலையில் விழுவதால் அவை தப்பித்துக்கொண்டே இருக்கின்றன.

பவுண்டு எண்ணை மட்டும் பார்த்து நரம்பு வாங்குவது

நரம்பு என்றால் தூண்டில் கயிறு. அதன் சுருளின் மேல், எத்தனை பவுண்டு இழுப்பைத் தாங்கும் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்ததும் புதியவர்களின் கை தானாக அதிக எண்ணுக்குப் போகிறது. பெரிய மீன் மாட்டினால் அறுந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். பெரிய மீன் என்றால் எவ்வளவு பெரியது? 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஏறக்குறைய ஒரு அவுன்ஸ்தான் கூடுதல். அந்த வித்தியாசம் போதாது என்று, மீன்பிடி சாதனைகளைப் பதிவுசெய்யும் சர்வதேச அமைப்பு இரண்டையும் சமமான உலக சாதனையாக வைத்திருக்கிறது. ஆக, பதிவான பாஸ்களிலேயே பெரியது சுமார் 10 கிலோ. நீங்களும் நானும் பிடிக்கப்போவது பெரும்பாலும் ஒரு கிலோ, இரண்டு கிலோ.

அப்படியானால் பல இழைகளைப் பின்னிச் செய்த 50 பவுண்டு, 65 பவுண்டு பின்னல் நரம்பை அனுபவசாலிகள் ஏன் சுற்றுகிறார்கள் என்று கேட்பீர்கள். அது மீனுக்காக அல்ல, பாசிக்காக. அல்லி இலைகளுக்கு மேல் தவளை வடிவச் செயற்கை இரையை இழுத்துப் போகும்போது கீழிருந்து அடிக்கும் மீன், அடுத்த நொடியே கொடிகளுக்குள் தலையை விட்டுவிடும். மீனோடு சேர்த்து ஒரு கட்டுப் பாசியையும் பெயர்த்தெடுத்தாக வேண்டும். தண்டுகளை அறுத்துக்கொண்டு வருவதற்குத்தான் அந்த வலிமை. திறந்த, தெளிந்த நீரில் மெல்லிய முள்ளைப் போடும்போது 6 முதல் 8 பவுண்டு ஃப்ளூரோகார்பனே (நைலான்போல் ஒற்றை இழை நரம்பு) போதும். அங்கே தடித்த நரம்பு உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். எடை குறைந்த இரை தூரம் போகாது. ஆழம் போக வேண்டிய கிராங்க்பெய்ட் என்ற மீன் வடிவ இரை, நரம்பின் தடிமன் நீரை எதிர்ப்பதால் பாதி வழியிலேயே நின்றுவிடும். தடித்த நைலான் சிறிய ஸ்பின்னிங் ரீலில் அடங்காமல் சுருள்சுருளாக எகிறும்.

மிதக்கும் இரைக்கு மூழ்கும் நரம்பு

நைலான் நீரைவிடச் சற்றே அடர்த்தியானது, மெதுவாகத்தான் அமிழும். ஃப்ளூரோகார்பனின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 1.78 மடங்கு என்பதால் கல்லைக் கட்டியதுபோல நேரே இறங்கும். பின்னல் நரம்பு பாலிஎத்திலீன். நீரைவிட லேசானது, மிதக்கும். மேற்பரப்பில் குதித்துக் குதித்து வர வேண்டிய இரைக்கு ஃப்ளூரோகார்பனைக் கட்டிவிட்டு, "மூக்கை நீருக்குள் குத்துகிறதே" என்று இரையைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரை சரியாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. நரம்புதான் அதை உள்ளே இழுக்கிறது. அங்கே நைலானோ பின்னலோ போடுங்கள். அடித்தரையில் ஊர்ந்து வரும் இரைகளுக்கு ஃப்ளூரோகார்பனை வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னல் நரம்பில் கிளிஞ்ச் முடிச்சு

எத்தனை ஆண்டுகள் ஆனாலும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது.

ஒருமுறை என்னோடு வந்த இளைஞர் ஒருவர் புதிதாக 30 பவுண்டு பின்னல் நரம்பைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நீருக்குள் சாய்ந்து கிடந்த மரத்தின் ஓரமாக வீசினார். நல்ல மீன். ராடு அரை வட்டமாக வளைந்தது. மீன் மேலே வந்து வாயை அகலத் திறந்து தலையை உதறியது. மறு உதறலில் நரம்பு தொய்ந்துவிட்டது. இரையும் இல்லை, மீனும் இல்லை.

"ஏமாற்றிவிட்டார்கள் அண்ணா. 30 பவுண்டாம்! இது போலி நரம்பு" என்று அவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"முனையைக் கொண்டு வா தம்பி" என்றேன்.

நரம்பின் முனையை விரலில் வைத்துப் பார்த்தோம். இழைகள் பிய்ந்திருக்கவில்லை. காலையில் அவர் கத்தரித்த நேர்வெட்டு அப்படியே இருந்தது. கடைசி இரண்டு விரற்கடை நீளம் மட்டும் நெளிநெளியாகச் சுருண்டிருந்தது. நரம்பு அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்ந்து, வந்த வழியே உருவிக்கொண்டு போயிருந்தது. எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு போய் 50 பவுண்டு நரம்பு வாங்கி, அதே முடிச்சைப் போட்டு, அடுத்த இரையையும் இழந்தார். இரை போனதுகூடப் பரவாயில்லை. வாயில் மும்முனை முள்ளோடு ஒரு மீன் நீருக்குள் திரிகிறதே, அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

காரணம் எளிது. கிளிஞ்ச் முடிச்சு நைலானை மனத்தில் வைத்துப் போடுவது. நரம்பைத் தன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, முனையைத் திருப்பி நுழைத்து இறுக்குகிறோம். நைலான் சற்று நெகிழும், அமுங்கும். ஒரு சுற்று மற்றதைக் கவ்விக்கொள்ளும். பின்னல் நரம்பின் பாலிஎத்திலீன் இழை, குண்டு துளைக்காத உடைகளில் சேர்க்கும் அதே வகை இழை. இழுத்தால் அறாது, ஆனால் மிகவும் வழுக்கும். எண்ணெய்க் கையால் பாட்டில் மூடியைத் திருகுவது மாதிரிதான்: எவ்வளவு பலம் இருந்தாலும் பிடி இருக்காது. கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தால் முடிச்சு தாங்குவதுபோல் தோன்றும். மீன் உதற உதற, சுற்று சுற்றாக நழுவும். 30 பவுண்டுக்குப் பதில் 50 பவுண்டு போட்டாலும் வழுக்கல் அதேதான்.

பின்னல் நரம்பை நேரடியாக இரையில் கட்டுவதென்றால் பலோமர் முடிச்சைப் பழகுங்கள். நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் காதில் நுழையுங்கள். மடித்த நரம்பாலேயே தளர்வாக ஒரு சாதாரண முடிச்சு போடுங்கள். நுனியில் மிஞ்சும் வளையத்துக்குள் முள்ளை முழுவதுமாகச் செலுத்தி வெளியே எடுங்கள். ஈரமாக்கி, இரண்டு முனைகளையும் சேர்த்து மெதுவாக இழுங்கள். அவ்வளவுதான். இதிலும் சொதப்ப வழி உண்டு. முள்ளின் காதுக்குள் இரண்டு இழைகளும் பக்கம்பக்கமாகப் படிய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குறுக்கே விழுந்தால் மேல் இழை கீழ் இழையை அறுக்கும். முள்ளைத் தாண்டிய வளையம் காதின் பாதியில் சிக்கி நின்றாலும் முடிச்சு உட்காராது. பார்த்து, பிடிக்கவில்லையென்றால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். வால் முனையை ஒட்ட வெட்டி அழகு பார்க்காதீர்கள். பின்னல் நரம்பில் அரை சென்டிமீட்டர் விட்டுவைப்பது நல்லது.

பெரிய மும்முனை முள் கொண்ட இரைகளை அந்த வளையத்துக்குள் செலுத்துவது தொல்லை. அங்கே யூனி முடிச்சு போடுங்கள். பின்னலில் சுற்றுகளை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். நைலானுக்கு ஐந்து என்றால் இதற்கு ஏழெட்டு.

ஃப்ளூரோகார்பனின் குணம் நேர் எதிர். அது வழுக்குவதைவிட வெந்துபோகும். உலர்ந்த நிலையில் வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டில் மேற்பரப்பு கெடும். முடிச்சுக்கு மேலே நரம்பு பளபளப்பை இழந்து, வெளுத்து, சிறு சுருக்கம் விழுந்திருக்கும். வெயிலுக்கு எதிரே பிடித்தால் கண்ணுக்கே தெரியும். அந்த முடிச்சோடு வீசாதீர்கள். எச்சிலால் நனைத்து, நிதானமாக, ஒரே சீரான இழுப்பில் இறுக்குங்கள். அவசரம் பிடித்தவர்களுக்கு ஃப்ளூரோகார்பன் லாயக்கில்லை என்பது என் அபிப்பிராயம்.

இரண்டையும் இணைத்துப் பின்னலின் முன்னால் ஃப்ளூரோகார்பன் லீடர் (இரையோடு கட்டும் முன்துண்டு) கட்டுகிறவர்கள், ராடின் வளையங்கள் வழியாக அந்த இணைப்பு போய்வர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எஃப்ஜி முடிச்சு மெலிதாக உட்காரும், தடையில்லாமல் ஓடும். ஆனால் படகு ஆடும்போது, கை விறைக்கும்போது போடுவது கடினம். இரட்டை யூனி சற்றுப் பருமன், ஆனால் யாருக்கும் கைவரும். தப்பாகப் போட்ட எஃப்ஜியைவிட ஒழுங்காகப் போட்ட இரட்டை யூனியே எனக்குப் போதும்.

இனி, நரம்பு போனால் முதலில் முனையைப் படியுங்கள். நெளிந்து சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. முனைக்கு மேலே விரலளவு நீளத்துக்குச் சொரசொரப்பாக, இழை பிசிறியிருந்தால் கல்லிலோ கட்டையிலோ தேய்ந்து போனது. கத்தியால் வெட்டியதுபோல் இருந்து, அந்த வெட்டு உங்களுடையதும் இல்லையென்றால், சிப்பியோ பல்லுள்ள வேறு மீனோ காரணம். அல்லது உங்கள் ராடின் வளையம், அதற்குக் கடைசியில் வருகிறேன். நைலான் முனை இழுபட்டு மெலிந்திருந்தால்தான் உண்மையிலேயே எடை தாங்காமல் அறுந்தது. போலி நரம்பு என்று திட்டுவதாக இருந்தால் அப்போது திட்டுங்கள்.

கடைசி முழத்தைத் தடவிப் பார்க்காதது

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு சிக்கலுக்குப் பிறகும் விரல் நகத்தால் தடவுங்கள். சொரசொரத்தால் வெட்டுங்கள். சோம்பலுக்கு இங்கே மன்னிப்பு இல்லை.

வலிமையையும் வளைவையும் குழப்புவது

ராடில் இரண்டு தனித்தனி குணங்கள் உண்டு. வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது வலிமை: லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி. எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது ஆக்‌ஷன்: ஃபாஸ்ட் என்றால் நுனிப்பக்கம் மட்டும், மாடரேட் என்றால் ஏறக்குறைய பாதியிலிருந்து. "ஃபாஸ்ட்" என்ற சொல்லைப் பார்த்ததும் வேகமாக வீசலாம் என்று நினைத்து வாங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

ரப்பர் புழுவின் உடலுக்குள் மறைத்த ஒற்றை முள், அந்தப் புழுவையும் கிழித்து மீனின் தாடையிலும் ஏற வேண்டும். அதற்கு மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் சரி. அதே ராடில் கிராங்க்பெய்ட் கட்டினால் கதை மாறும். சிறிய மும்முனை முட்கள் மீனின் உதட்டோரத் தோலில்தான் பிடித்திருக்கும். விறைப்பான ராடும், நீளவே நீளாத பின்னல் நரம்பும் சேர்ந்து அந்தத் தோலைக் கிழித்து முள்ளைப் பிடுங்கிவிடும். பாதி வழியில் மீன்கள் கழன்றுகொண்டே இருந்தால் முள் மழுங்கல் என்று முடிவு கட்டாதீர்கள். மாடரேட் ராடும் நெகிழும் நரம்பும் போட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்றாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

கைப்பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் நரம்பு 10–20 பவுண்டு, இரை ¼–1 அவுன்ஸ் என்பதுபோல அச்சிட்டிருக்கும். அதாவது இரை 7 முதல் 28 கிராம் வரை. அந்த எழுத்தைப் படிக்காமல் ராடு வாங்குவது, அளவு பார்க்காமல் செருப்பு வாங்குகிறவர்கள்கூடச் செய்யாத காரியம்.

காலி ஸ்பூலில் நேராகப் பின்னல் நரம்பு

ஸ்பூல் என்பது ரீலில் நரம்பைச் சுற்றிவைக்கும் உருளை. அதில் பிடிப்பு இல்லாமல் மொத்தச் சுற்றும் சேர்ந்து சுழலும். டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) பழுது என்று ரீலைக் கழற்றுவீர்கள். அடியில் சில மீட்டர் நைலானைச் சுற்றிவிட்டு அதன்மேல் பின்னலை இணைத்துச் சுற்றுங்கள்.

டிராக்கை முழுக்க இறுக்கிவைப்பது

நைலானுக்கு அதன் அறுபடு எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை என்பது பொதுக்கணக்கு. பின்னல் நரம்பில் இந்தக் கணக்கு உதவாது. நரம்பு தாங்கும், ராடும் முள்ளும் தாங்க வேண்டுமே. 65 பவுண்டு நரம்பைப் பூட்டிய டிராக்கோடு மீடியம் ராடில் போட்டால், முதலில் போவது எது என்று சொல்லத் தேவையில்லை. இரை அடியில் சிக்கிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்கவே கூடாது. ராடை நரம்பின் திசையில் நேராக நீட்டி, நரம்பை ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள். வெறும் கையில் சுற்றினால் பின்னல் சதையை அறுக்கும். முகத்தை அந்த வழியிலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள். விடுபட்ட இரை நேராக உங்களை நோக்கித்தான் வரும்.

மீனைக் கரையேற்றும்போது ராடைத் தலைக்குப் பின்னால் சாய்ப்பது

நுனி முறியும்.

வளையங்களைச் சோதிக்காதது

ராடைக் காரின் பின்னால் எறிந்துவிட்டு வருகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். வளையத்தின் உள்ளே இருக்கும் பீங்கானில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் ஒவ்வொரு வீச்சிலும் அது நரம்பைச் சீவிக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. சிறிது பஞ்சைத் திரித்து ஒவ்வொரு வளையத்தினுள்ளும் சுற்றித் தேய்த்து எடுங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் பஞ்சு நார் மாட்டிக்கொள்ளும். நுனி வளையத்தை முதலில் பாருங்கள். அடிபடுவது பெரும்பாலும் அதுதான். அதை மட்டும் வீட்டிலேயே மாற்றலாம்: பசையை லேசாகச் சூடாக்கினால் கழன்றுவரும், அதே அளவுள்ள புதியதை ஒட்டிவிடலாம். மற்ற வளையங்கள் நூல் சுற்றி வார்னிஷ் பூசிக் கட்டப்பட்டவை. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை அந்த ராடில் எந்த நரம்பைப் போட்டாலும் வீண்.