விலைச்சீட்டை உரிக்காதீர்கள்: போனஸ் இறுவட்டு சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுவட்டின் அடிமுகத்தைத் தொடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்ற அறிவுரைகளை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். இலங்கை மலையகத்தின் அட்டனிலும் பண்டாரவளையிலும் பழைய வீடியோ கேம்களைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கும் சில இளைஞர்களை அண்மைக் காலமாகக் கவனித்துவருகிறேன். அவர்கள் அனைவரும் தேடுவது சேகா நிறுவனம் 1996ஆம் ஆண்டின் இறுதியில் சாட்டர்ன் என்னும் வீடியோ கேம் இயந்திரத்துக்காக வெளியிட்ட 'கிறிஸ்மஸ் நைட்ஸ்' என்ற போனஸ் இறுவட்டை. இயந்திரத்தை வாங்கியவர்களுக்கும் சில பத்திரிகைகளின் வாசகர்களுக்கும் கிடைத்த அந்த இறுவட்டு கடைகளில் தனியாக விற்கப்பட்ட கேம் அன்று. காசு கொடுத்து வாங்கிய கேமைப் பெட்டியோடு பாதுகாத்தவர்கள்கூட, கையோடு வந்த இதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். நல்ல நிலையில் உள்ள பிரதி அகப்படுவது அதனால்தான் கடினமாக இருக்கிறது; அகப்பட்ட பிரதியையும் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கெடுத்துக்கொள்பவர்களை என்னவென்று சொல்வது?

மேல்முகத்தைக் காகிதம் என்று நினைப்பது

இந்த ஒரு தவறுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. அட்டனைச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு, இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய பெரியப்பா இந்த இறுவட்டைத் தேடிப்பிடித்து அனுப்பியிருந்தார். அடிமுகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மேல்முகத்தில், வெளி ஓரத்தை ஒட்டி, பழைய பொருட்களை விற்கும் ஏதோ ஒரு கடையின் விலைச்சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. அழகைக் கெடுக்கிறது என்று நினைத்து அவர் அதை நகத்தால் கிளறி உரித்தார். சீட்டோடு படமும், படத்தோடு வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டன. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, உரிந்த இடம் கண்ணாடித் துண்டைப் போல ஊடுருவித் தெரிந்தது.

"ஓரத்துல கொஞ்சந்தானே அண்ணே போச்சு, கேம் முழுக்க உள்ளுக்குத்தானே இருக்கு?" என்று அவர் கேட்டார். கேள்வியில் பாதி சரி. சாட்டர்ன் இறுவட்டு சீடி வகை; சீடியில் தரவு நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கித்தான் எழுதப்படுகிறது. சிறிய கேம் என்றால் வெளி ஓரம் வரை அது வருவதே இல்லை. ஆனால் சாட்டர்ன் இறுவட்டின் வெளி ஓரத்தில் சாதாரண சீடி எழுதிகளால் உருவாக்க முடியாத ஒரு பாதுகாப்பு வளையம் இருக்கிறது. இயந்திரம் முதலில் அந்த வளையத்தைப் படித்து, இறுவட்டு அசல்தான் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே கேமைத் தொடங்கும். நகம் பட்டது அந்த வளையத்தின் மேல்தான். உள்ளே கேம் முழுமையாக இருக்க, இயந்திரம் அசல் இறுவட்டையே போலி என்று தள்ளிவிட்டது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, சீடியின் குறுக்குவெட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அதன் தடிப்பான 1.2 மில்லிமீற்றரில் ஏறக்குறைய முழுவதும் பொலிகார்பனேற்று என்னும் பிளாஸ்டிக். தரவுப் பள்ளங்கள் இருப்பது அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில், அதாவது நாம் படம் பார்க்கும் பக்கத்தில். அவற்றின் மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன் மேல் சில மைக்ரோன் தடிப்புள்ள அரக்குப் பூச்சு, அதன் மேல் அச்சு. அடிமுகத்துக் கீறல் தரவிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்கு மேல் விலகி நிற்பதால், லேசர்க் கதிர் அதைப் பெரும்பாலும் கடந்துவிடும். மிஞ்சும் பிழைகளை இயந்திரம் கணக்கிட்டுத் திருத்தும். கீறல் ஆழமானால் மெருகேற்றவும் முடியும். மேல்முகத்தில் போன அலுமினியத்தையோ எந்த இயந்திரமும் திரும்பப் பூசித் தராது. ஆனாலும் நம்மவர்கள் அடிமுகத்தைக் கண்போலக் காத்து, மேல்முகத்தை மேசையில் தேய்க்கிறார்கள். அதன் மேல் பந்துமுனைப் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதுகிறார்கள். கரைப்பான் கலந்த மார்க்கரால் கோடு போடுகிறார்கள்.

ஆகவே சீட்டு ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே இருக்கட்டும். அதைத் தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம், சூடு காட்டவும் வேண்டாம். சாட்டர்ன் பாட்டுச் சீடியின் இருமடங்கு வேகத்தில் மட்டுமே சுழற்றும் இயந்திரம் என்பதால், சிறிய சீட்டின் பாரம் அதைப் பாதிக்காது. பெயர் எழுதியே ஆகவேண்டும் என்றால் உறைக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

டிவிடி வகை இறுவட்டுகளில் நிலைமை வேறு. 'விண்ட் வேக்கர்' கேமோடு 2003இல் மேலைநாடுகளில் வழங்கப்பட்ட செல்டா போனஸ் இறுவட்டு, நின்டென்டோவின் கேம்கியூப் இயந்திரத்துக்கான 8 சென்டிமீற்றர் இறுவட்டு. அதில் இரண்டு 0.6 மில்லிமீற்றர் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கின்றன. தரவு நடுவில் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துப் பழகியவர்கள் அதே துணிச்சலோடு சீடியையும் கையாளும்போதுதான் வினை வருகிறது.

செத்த பற்றரியோடு இறுவட்டைக் குறை சொல்வது

கிறிஸ்மஸ் நைட்ஸ் கேம், சாட்டர்ன் இயந்திரத்தின் கடிகாரத்தைப் பார்த்து உருமாறும். டிசெம்பரில் கிறிஸ்மஸ் கோலம், நவம்பரிலும் ஜனவரியிலும் பனிக்காலக் கோலம், ஏனைய மாதங்களில் சாதாரணக் கோலம். சாட்டர்னின் பின்புற மூடிக்குள் இருக்கும் சிஆர்2032 பற்றரி தீர்ந்துபோனால் கடிகாரம் நின்றுவிடும். சேமித்த ஆட்டங்களும் அழிந்துவிடும். இயந்திரத்தைப் போடும்போதெல்லாம் அது திகதியைக் கேட்பதே இதன் அடையாளம். அந்தத் திரையைப் படிக்காமல் அழுத்திக் கடந்துவிட்டு, கிறிஸ்மஸ் மரத்தைக் காணவில்லை, ஆகவே இது போலி என்று சண்டைக்குப் போனவர்களை அறிவேன். எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும் பற்றரி அது.

மழைக்காலத்தில் இறுக்கிக் கட்டுவது

மேற்குச் சரிவில் அட்டன், நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கிழக்குச் சரிவில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசியில் வடகிழக்குப் பருவமழை. ஈரம் குடித்த அட்டை உறையையும் இறுவட்டையும் சேர்த்து அந்த நாட்களில் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால், வெளி ஈரம் உள்ளே போகாது என்பது உண்மைதான். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வராது என்பதும் அதே அளவு உண்மை. பூஞ்சணத்துக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சீடியின் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் ஒரு வகைப் பூஞ்சணம் அரித்திருந்ததை ஸ்பானிய ஆய்வாளர்கள் 2001இல் அறிவித்தார்கள். நம் ஊர்க் குளிரில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், அட்டை உறையையும் கையேட்டையும் பூஞ்சணம் விட்டுவைக்காது.

வெயில் காய்ந்த ஒரு நாளில், அறையின் காற்று உலர்ந்திருக்கும்போது பெட்டியில் அடைத்து, ஈரத்தை உறிஞ்சும் நீல மணி சிலிக்கா ஜெல்லை உள்ளே வையுங்கள். மணிகள் இளஞ்சிவப்பானால் அவை நிறைந்துவிட்டன. சூடாக்கி உலர்த்த வேண்டும். சப்பாத்துப் பெட்டியில் கிடந்த பழைய பொட்டலத்தை எடுத்துப் போடுவது வெறும் சடங்கு. மென்மையான பிவிசி உறைகளைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அவை நாளடைவில் எண்ணெய் கசிந்து இறுவட்டோடு ஒட்டிக்கொள்கின்றன.

கீறலைப் பற்பசையால் தேய்ப்பது

வேண்டாம்.

ஜப்பானிய சாட்டர்னை நேரே சுவரில் செருகுவது

அது 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் சுவரில் வருவது 230.

நாட்டைப் பாராமல் வாங்குவது

இறுவட்டும் இயந்திரமும் ஒரே விற்பனைப் பிராந்தியத்தை (ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா போன்றவை) சேர்ந்தவையா என்று முதலில் பாருங்கள்.

அடிமுகப் படத்தை மட்டும் நம்பிக் காசு அனுப்புவது

விற்பவர்கள் அடிமுகத்தைத்தான் பளபளவென்று படமெடுத்து அனுப்புவார்கள். மேல்முகத்தின் படத்தையும், இறுவட்டை மின்குமிழுக்கு முன்னால் பிடித்து எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள். முழுப் பரப்பிலும் மங்கலான ஒளி ஒரே சீராகத் தெரிந்தால் கவலையில்லை. ஊசிமுனைப் புள்ளிகளாக ஒளி கசிந்தால், அந்த இடங்களில் அலுமினியம் போய்விட்டது. அதுவும் வெளி ஓரத்தில் என்றால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். கேட்ட படத்தை அனுப்பத் தயங்குபவரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை.