தூதரகத்தை நாடுமுன்: பெண் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கு

கொழும்பிலுள்ள எந்தத் தூதரகமும் இலங்கைப் பிரஜைக்காக வழக்காடவோ பொலிஸாருக்குக் கட்டளையிடவோ முடியாது. இராஜதந்திர உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா சமவாயத்தின் 41ஆவது உறுப்புரை அதற்கு இடமளிப்பதில்லை. ஆனால், 2004இல் ஏற்கப்பட்டு 2008இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றிய வழிகாட்டல்களும், 2019இல் புதுப்பிக்கப்பட்ட கனடாவின் வழிகாட்டல்களும், செயற்பாட்டாளர்களைச் சந்திப்பதையும், நீதிமன்ற விசாரணைகளை நேரில் அவதானிப்பதையும், அரசாங்கத்திடம் விடயத்தை எழுப்புவதையும் தூதரகங்களின் வேலையாகவே குறிப்பிடுகின்றன. ஆகவே பொதுவாக உதவி கேளாமல், இவற்றுள் எது, எந்தத் திகதிக்கு வேண்டும் என்று கேளுங்கள்.

விசாப் பிரிவில் வரிசையில் நின்று பயனில்லை. அரசியல் விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரியைச் சந்திக்க, அவருடன் ஏற்கெனவே தொடர்பிலுள்ள அமைப்பொன்றின் ஊடாக நேரம் பெறுங்கள்.

கொண்டுபோகும் குறிப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். "எனக்கு அச்சுறுத்தல் உள்ளது" என்ற வரியைவிட, "செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்கு, சிவில் உடையில் வந்த இருவர் என் மகளின் பாடசாலைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள்" என்ற வரி அதிகாரியின் அறிக்கையில் அப்படியே ஏறும். முகநூலில் பரப்பப்பட்ட திரிக்கப்பட்ட படம், நடத்தையைப் பற்றி மாமியாரிடம் கேட்கப்பட்ட கேள்வி போன்றவற்றைக் குடும்ப விடயம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் முதலில் எழுதவேண்டியவை அவைதாம். பெண் செயற்பாட்டாளர்களின் பாதுகாப்புக்கென ஐ.நா. பொதுச்சபை 2013இல் தனித் தீர்மானமே நிறைவேற்றியது.

தூதரகத்தின் பதிலுக்காகக் காத்திருந்து உள்நாட்டுத் தவணையைத் தவறவிடாதீர்கள். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அத்தவணையில் சேர்க்கப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. முறைப்பாட்டு இலக்கத்தையும் குறிப்பில் சேருங்கள்.

பகிரங்க ஆதரவா, மௌன ஆதரவா என்பதை நீங்களே முன்கூட்டித் தீர்மானியுங்கள். தூதுவருடன் எடுத்த படம் கொழும்பில் கவசமாகலாம்; அதே படம் முல்லைத்தீவில் வீட்டுவாசலுக்கு ஆட்களைக் கொண்டுவரவும் கூடும். படமோ பெயரோ வெளியிட வேண்டாம் எனில், சந்திப்புக்கு முன்பே எழுத்தில் அறிவியுங்கள். உங்கள் ஊரோடு தொடர்பில்லாத பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்கவும் தயங்காதீர்கள். ஆண் ஒருவர் இடையில் இருக்கையில் பாலியல் மிரட்டல் முழுமையாகச் சொல்லப்படுவது அரிது.