ஒரு கையில் தொட்டில் கயிறு, மறுகையில் கதை

பிள்ளை தூங்கியதும் எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன், நடக்கவில்லை. தக்கலையில் எங்கள் வீட்டுத் தகரத்தில் நாலு துளி விழுந்தாலே ஒன்றரை வயது மகன் விழித்துவிடுவான். குமரியில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கேட்கவா வேண்டும்!

இப்போது ஒரு கை தொட்டில் கயிற்றில், மறுகையில் போன். ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக்கைத் தொட்டுவிட்டு, கதையை மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவேன்; சொல்வது எழுத்தாகிவிடும். தாலாட்டு என்று நினைத்து அவனும் கேட்டுக் கிடப்பான். 'ழ'வும் 'ள'வும் இடம் மாறி விழும். பரவாயில்லை, பிறகு திருத்தலாம்.

இன்னொன்று: வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்துவிடுங்கள். மறுநாள் பத்து நிமிடம்தான் கிடைத்தாலும் எங்கே தொடங்குவது என்று முழிக்க வேண்டாம். ஞாயிறு காலை அவன் அப்பாவோடு பத்மநாபபுரம் கோட்டைப் பக்கம் நடக்கப் போவான். திருத்தம் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.