சோல் 45 தட்டுகளில் அசல் எது, கள்ளப்பதிப்பு எது? வீட்டிலேயே சோதிக்கும் முறை

அறுபதுகளின் அமெரிக்கக் கறுப்பின இசையான சோல் பாடல்களை 7 அங்குல 45 தட்டுகளில் (நிமிடத்துக்கு 45 சுற்று சுழல்பவை) சேகரிக்கத் தொடங்கும் யாரும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். கையில் இருப்பது 1966-இல் டெட்ராய்ட் கடையில் விற்ற தட்டா, பத்து வருடம் கழித்து யாரோ திருட்டுத்தனமாக அழுத்தித் தயாரித்ததா? எனக்கும் அதே கேள்வி வந்தது. இணையத்தில் கிடைத்த குறிப்புகள் பாதி ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. என் அலமாரியில் உள்ள தட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து நான் கைக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

டர்ன்டேபிள் வைத்திருக்கிறீர்கள், லேபிள் (தட்டின் நடுவில் இருக்கும் காகிதம்; தட்டை வெளியிடும் நிறுவனப் பெயரையும் லேபிள் என்றே சொல்வார்கள்), உறை என்றால் என்னவென்று தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த இசையில் மட்டும் ஏன் இத்தனை போலிகள்?

காரணம் வட இங்கிலாந்தில் இருக்கிறது. மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கஸீனோ போன்ற நடன அரங்குகளில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் விடிய விடிய ஆடினார்கள். அவர்கள் ஆடியது அமெரிக்காவில் விற்காமல் போன வேகமான சோல் பாடல்களுக்கு. அதுதான் நார்தர்ன் சோல். டி.ஜே.க்கள் போட்டியாளருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று லேபிளின் மேல் காகிதம் ஒட்டி மறைத்தார்கள், பாடகர் பெயரையும் மாற்றிச் சொன்னார்கள். பாட்டு வேண்டுமென்று ஊரே கேட்கிறது, பிரதிகளோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்த இடைவெளியில் கள்ளப்பதிப்பாளர்கள் புகுந்தார்கள்.

ஃப்ராங்க் வில்சன் 1965-இல் டெட்ராய்டின் மோட்டவுன் நிறுவனத்தின் 'சோல்' என்ற லேபிளுக்காகப் பாடிய 'டூ ஐ லவ் யூ' இதற்குச் சரியான உதாரணம். தட்டு கடைக்கே வரவில்லை. வில்சன் தயாரிப்பாளராகவே தொடர்ந்தார். மிஞ்சிய பிரதிகளில் ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்கு விற்றது. ஆனால் எழுபதுகளில் இதே பாட்டு எட்டி ஃபாஸ்டர் என்ற பெயரில் கள்ளப்பதிப்பாக வந்து நடன அரங்குகளை நிரப்பியது. பாடியவர் பெயரே தட்டில் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் விலையை விட அதுதான் உறுத்துகிறது. கள்ளப்பதிப்பில் பாடியவருக்கும் எழுதியவருக்கும் ஒரு காசு போவதில்லை, சில சமயம் பெயரும் போவதில்லை.

முறையான மறுபதிப்பைக் கள்ளப்பதிப்போடு குழப்பாதீர்கள். அதே பாட்டை 1979-இல் மோட்டவுனின் இங்கிலாந்து லேபிளான டாம்லா மோட்டவுன் டி.எம்.ஜி. 1170 என்ற எண்ணில் முறைப்படி வெளியிட்டது. அது நேர்மையான தட்டு. நம் கவலை அசல் லேபிளை அப்படியே காப்பியடித்த தட்டுகளைப் பற்றித்தான்.

தேவையானவை

நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று. சின்ன எல்.இ.டி. டார்ச் ஒன்று. அதே லேபிளில் அதே காலத்தில் வந்த, சந்தேகமே இல்லாத மலிவான தட்டு ஒன்று. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சந்தேகப்படும் தட்டு ஓக்கே (Okeh) என்ற லேபிளுடையது என்றால், மலிவாகக் கிடைக்கிற, அதே லேபிளின் பாடகர் மேஜர் லான்ஸின் ஹிட் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும் விட அது அதிகம் சொல்லித்தரும்.

எடை பார்க்கும் தராசு வேண்டாம். ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் அழுத்திய தட்டுகளே எடையில் மாறும். புற ஊதா விளக்கும் வேண்டாம். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் ஐம்பதுகளிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதனால் லேபிள் ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் அறுபதுகளையும் எழுபதுகளையும் அது பிரித்துக் காட்டாது. செல்போன் கேமராவின் மேக்ரோவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது எழுத்தின் ஓரத்தைத் தானாகக் கூர்மையாக்கிவிடும், நமக்கு வேண்டியதோ உண்மையான ஓரம்.

படி 1: அசல் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ், 45கேட் ஆகிய இணையதளங்கள் இரண்டிலும் அந்தத் தட்டின் பக்கத்தைத் திறந்து, எந்தெந்த ஆலைகளில் அழுத்தினார்கள் என்று பாருங்கள். ஓரளவு ஓடிய பாட்டு என்றால் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என இரண்டு மூன்று ஆலைகளில் அடித்திருப்பார்கள். எழுத்துரு, லேபிள் நிறம் எல்லாம் ஆலைக்கு ஆலை மாறும். 'படத்தில் இருப்பது போல இல்லை, அதனால் போலி' என்று அவசரப்பட வேண்டாம். எல்லா அசல் வடிவங்களையும் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும்.

படி 2: வினைலா, ஸ்டைரீனா?

அமெரிக்க 45கள் எல்லாம் வினைல் இல்லை. கொலம்பியா நிறுவனத்தின் ஆலைகளும் லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையும் பெருமளவு பாலிஸ்டைரீன் (சுருக்கமாக ஸ்டைரீன்) என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தன. நகத்தால் மெதுவாகத் தட்டினால் ஸ்டைரீன் கூர்மையாக 'டிக்' என்னும், வினைல் மந்தமாக 'டப்' என்னும். ஸ்டைரீனில் லேபிளைத் தனியாக ஒட்டியிருப்பார்கள், ஓரம் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பல தட்டுகளில் பார்க்கலாம். வினைலில் லேபிள் சூட்டோடு தட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும்.

ஸ்டைரீனில் மட்டும் வந்த பாட்டு உங்கள் கையில் வினைலாக இருந்தால் அது பெரிய எச்சரிக்கை. ஆனால் ஸ்டைரீனாக இருந்தாலே அசல் என்றும் சொல்ல முடியாது. கள்ளப்பதிப்புகளிலும் ஸ்டைரீன் உண்டு.

படி 3: டெட்வாக்ஸ்

பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்று வளையம்தான் டெட்வாக்ஸ். பதிவு எண்ணும் ஆலை முத்திரையும் இங்கேதான் இருக்கும். இந்தப் படிதான் எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது. 'எண் இயந்திரத்தால் குத்தியிருந்தால் அசல், கையால் கீறியிருந்தால் போலி' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்த விதியை அப்படியே வைத்துக்கொண்டால் சின்னச் சின்ன லேபிள்களின் அசல் தட்டுகளையும் போலி என்று தள்ளிவிடுவோம். ஊருக்குள் ஒரே ஒரு ஸ்டுடியோ வைத்துக்கொண்டு சில நூறு தட்டு அடித்தவர்கள் எண்ணைக் கையால்தான் கீறினார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: *இந்தத் தட்டின்* அசலில் எண் எப்படி இருந்தது? அசலில் குத்தியிருந்து, உங்களுடையதில் அதே எண் கையால் கீறியிருந்தால் தட்டைக் கீழே வைத்துவிடலாம்.

டார்ச்சைத் தட்டுக்குப் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்குப் பிடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. தட்டை மெல்லச் சுற்றிக்கொண்டே இவற்றைத் தேடுங்கள்.

மிஷிகனின் ஒவோஸோ ஊரில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரஸ்ஸிங் ஆலை, மோட்டவுன் தட்டுகளை நிறைய அழுத்தியது. அதன் முத்திரை ஏ.ஆர்.பி. என்ற மூன்று எழுத்தும் சாய்ந்து பின்னியது போலச் சின்னதாக இருக்கும். 1972-இல் தீ விபத்தோடு அந்த ஆலை முடிந்துபோனது. அதனால் உண்மையான ஏ.ஆர்.பி. குத்து இருந்தால் எழுபதுகளின் நடுவில் வந்த போலி என்ற பயம் வேண்டாம்.

மோனார்க் தட்டில் வட்டத்துக்குள் எம்.ஆர். என்று குத்தியிருக்கும். கூடவே ஒரு முக்கோணமும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் கையால் கீறியிருக்கும். அந்த எண் ஆலையின் தொடர் எண், காலம் போகப் போக ஏறிக்கொண்டே போகும். உங்களிடம் தேதி தெரிந்த வேறு மோனார்க் தட்டுகள் இருந்தால், லேபிள் எதுவானாலும் சரி, எண்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1965 தட்டு என்று சொல்வதன் எண் 1965-இன் மற்ற எண்களுக்கு நடுவில் விழ வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஆலை வெளியாருக்காக அழுத்திய 45களில் எண்ணின் முதல் எழுத்தே ஆண்டைச் சொல்லும். ஆர் 1964, எஸ் 1965, டி (T) 1966, யு 1967. வி-யை விட்டுவிட்டு டபிள்யு 1968. அடுத்து கே, 4 என்று வரும். கொலம்பியா நிறுவனத்தின் லேபிள்களில், ஓக்கே உட்பட, இசட்.எஸ்.பி. என்று தொடங்கும் எண்ணைப் பெரும்பாலும் குத்தியே இருப்பார்கள்.

எண் எல்லாம் சரியாக இருந்தாலும் இன்னொன்று பார்க்க வேண்டும்: டெட்வாக்ஸின் அகலம். கள்ளப்பதிப்பாளர் கையில் அசல் அச்சு கிடையாது. பாட்டின் பள்ளங்களைப் புதிதாக வெட்டித்தான் ஆக வேண்டும். அப்படி வெட்டும்போது பள்ளங்களின் நெருக்கம் மாறும், பாட்டு முடிகிற இடமும் மாறும். அசலின் படத்தில் வெற்று வளையம் ஒரு விரல் அகலம், உங்களுடையதில் அரை விரல் என்றால் அது வேறு வெட்டு. அசல் ஆலைகளுக்குள்ளும் வேறு வெட்டுகள் இருக்கலாம் என்பதால் அதே ஆலையின் படத்தோடுதான் ஒப்பிட வேண்டும். எண்ணை யார் வேண்டுமானாலும் பார்த்துக் கீறிவிடலாம், வெட்டின் அமைப்பை அப்படிக் காப்பியடிப்பது மிகக் கடினம்.

படி 4: லென்ஸின் கீழே லேபிள்

போலி லேபிளைப் பெரும்பாலும் அசல் லேபிளைப் படம் பிடித்துத்தான் தயாரிப்பார்கள். படத்திலிருந்து அச்சடிக்கும்போது நுணுக்கம் போய்விடும். லேபிளின் கீழோரத்தில் உள்ள முகவரி, அடைப்புக்குள் இருக்கும் பதிப்பாளர் பெயர் போன்ற மிகச் சிறிய எழுத்துகளுக்கு லென்ஸைக் கொண்டுபோங்கள். ஆங்கில 'ஏ' (a), 'இ' (e) எழுத்துகளின் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டிருக்கிறதா? கோடுகள் தடித்திருக்கின்றனவா? அசலில் ஒரே மையால் முழுசாக நிரப்பிய நிறம், உங்களுடையதில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா? புள்ளி தெரிந்தால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐம்பது அறுபது வருட வெயிலும் ஈரமும் எந்த நிறத்தையும் மாற்றிவிடும்.

படி 5: கேளுங்கள்

பல கள்ளப்பதிப்புகளை மூல ஒலிநாடாவான மாஸ்டர் டேப்பிலிருந்து எடுக்கவில்லை, இன்னொரு தட்டை ஓடவிட்டுத்தான் பதிந்தார்கள். அந்தத் தட்டின் கீறலும் சேர்ந்து பதிந்திருக்கும். கண்ணாடி போல மின்னும் தட்டு 'டிக் டிக்' என்றால், ஒலி வரும் இடத்தை டார்ச்சில் பாருங்கள். அங்கே கீறலே இல்லையென்றால் அந்தச் சத்தம் வேறொரு தட்டுடையது.

இதில் அழகான ஒரு தடயம் உண்டு. அமெரிக்க வானொலியில் பாட்டைத் தொடக்கத்தில் சரியாக நிறுத்த, ஊசியை வைத்துத் தட்டை முன்னும் பின்னும் அசைப்பார்கள். ஸ்டைரீனில் அந்த முதல் சில நொடிகள் தேய்ந்து 'உஸ்ஸ்' என்று ஒலிக்கும். வானொலிக்கு அனுப்பிய அசல் விளம்பரப் பிரதியில் அது இயல்பு, பள்ளம் சாம்பல் பூத்தது போலக் கண்ணுக்கும் தெரியும். அதே 'உஸ்ஸ்' பளபளப்பான புத்தம்புது வினைலில் கேட்டால், தேய்ந்த விளம்பரப் பிரதி ஒன்றிலிருந்து பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒலி மந்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சின்ன லேபிள்களின் அசலே பல சமயம் மந்தமாகத்தான் இருக்கும்.

தூரத்திலிருந்து வாங்கும்போது

இரண்டு பக்க டெட்வாக்ஸின் படத்தையும் விற்பவரிடம் கேளுங்கள். எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பினால் போதாது, படம்தான் வேண்டும். அனுப்பத் தயங்கினால் நான் வாங்க மாட்டேன், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. டிஸ்காக்ஸில் கள்ளப்பதிப்பு என்று குறித்தவற்றை விற்க முடியாது. அதனாலேயே சிலர் அவற்றை அசலின் பக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பட்டியலின் தலைப்பை நம்பாமல் படத்தை நம்புங்கள்.

சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

என் தட்டு ஸ்டைரீன், இணையப் படத்தில் வினைல், இது போலியா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் அனுப்பிய படத்தில் மோனார்க்கின் முக்கோண எண் தெளிவாக இருந்தது. அவருடையது அமெரிக்க மேற்குக் கடற்கரை ஆலையின் அசல், இணையத்தில் இருந்தது வேறு ஆலையின் அசல். படி 1-ஐ மறுபடி படிக்கச் சொல்வதற்கு இதை விட நல்ல காரணம் இல்லை.

இங்கிலாந்து வெளியீடுகளைப் பற்றிச் சொல்லவில்லையே என்று பலர் கேட்டார்கள். சரி, ஸ்டேட்சைட், டாம்லா மோட்டவுன் போன்று ஈ.எம்.ஐ. நிறுவனம் அழுத்தியவற்றுக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். அறுபதுகளின் பிரதிகளில் நடுத்துளையைச் சுற்றி லேபிளிலேயே கே.டி. (KT) போன்ற, விற்பனை வரிக்கான குறி எழுத்துகள் அழுந்தப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். டெட்வாக்ஸில் எண்ணைத் தவிர தனியாக ஓர் இலக்கமும், வேறொரு பக்கம் ஓரிரு எழுத்துகளும் இருக்கும். அந்த எழுத்துகள் எந்த அச்சிலிருந்து வந்தது என்பதன் குறியீடு: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, டி (T) 9. இன்னொரு டி (D) சுழியம். ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதினால் கிராமஃபோன் லிமிடெட் என்பதன் சுருக்கம் வரும். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத '1965 டாம்லா மோட்டவுன்' கிடைத்தால் பணத்தை எடுப்பதற்கு முன் என்னிடம் படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

போலி என்று தெரிந்த தட்டை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். விற்றவரிடம் படங்களோடு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வைத்துக் கேளுங்கள், பாட்டு பாட்டுதான். ஆனால் உறையிலும் லேபிளிலும் பென்சிலால் 'கள்ளப்பதிப்பு' என்று எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அது யார் கைக்குப் போனாலும் அசல் என்று விலை பேசப்படக் கூடாது.